கேரட் கழிவுல இருந்து குளுக்கோஸ்: மலைக் குளிருக்கு ஏத்த மாதிரி என்சைம் வச்சு எடுக்குறது எப்படி

நம்ம நீலகிரில, ஊட்டி பக்கத்துல இருக்குற கேத்தி பாலாடா பக்கம் காலைல போனவங்களுக்கு தெரியும், கேரட் கழுவுற மெஷின் ஓடுற இடத்துக்கு பின்னாடி உடைஞ்சது, வெடிச்சது, ரெண்டு கால் முளைச்சது, தழை எல்லாம் குவிஞ்சு கிடக்கும். நல்லதெல்லாம் மூட்டையில ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு போயிடும், மிச்சத்துல கொஞ்சம் மாட்டுக்கு போகும், அதுக்கும் மிச்சமானது மழைல நனைஞ்சு அழுகும். ராத்திரி ஆனா காட்டெருமை எறங்கி வந்து அதை மேயும். நாம குப்பைன்னு ஒதுக்குறத அது திங்குதேன்னு சின்ன வயசுல இருந்து பாத்துட்டு இருக்கேன், காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி படிச்ச அப்புறம்தான் ஏன்னு புரிஞ்சுது.

அரிசியும் வைக்கோலும் ஒரே செடில வருது, ரெண்டுலயும் பெரிய பங்கு குளுக்கோஸாலதான் கட்டியிருக்கு, ஆனா அரிசி நமக்கு வைக்கோல் மாட்டுக்கு. அரிசில இருக்குற ஸ்டார்ச்ல குளுக்கோஸும் குளுக்கோஸும் ஆல்ஃபா 1,4 ங்கற பிணைப்புல சேர்ந்திருக்கும், வைக்கோல்லயும் கேரட் நார்லயும் இருக்குற செல்லுலோஸ்ல பீட்டா 1,4 பிணைப்பு. அந்த சின்ன வித்தியாசத்தால இழையெல்லாம் நேரா நீட்டிக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகிடும், தண்ணிகூட உள்ள போகாது. நம்ம உடம்புல அதை வெட்டுற என்சைம், அதாவது நொதி, கிடையாது. மாடு, காட்டெருமைக்கும் சொந்தமா கிடையாது, அதோட வயித்துல இருக்குற நுண்ணுயிர்ங்கதான் வெட்டுது, வெட்டி வந்த குளுக்கோஸையும் அதுங்களே புளிக்க வச்சு அசிட்டிக் மாதிரி சின்ன ஆசிடா மாத்தி குடுக்குது, மாடு அந்த ஆசிட்டைத்தான் சக்தியா எடுத்துக்குது.

அந்த வெட்டுற வேலையை மட்டும் நாம ஒரு ஜாடில செய்யப் போறோம், நடுவுல குளுக்கோஸோட நிறுத்தப் போறோம். இதை எழுத காரணம், இதுக்கு கிடைக்கிற செய்முறை எல்லாமே சமவெளில இருக்குற லேபுக்கு எழுதினது. அதை அப்படியே நம்ம ஊர்ல செஞ்சா வராது. தண்ணி கொதிக்கிற சூடு வேற, குக்கர் சூடு வேற, ரூம் டெம்பரேச்சர்னு அவங்க சொல்றதுக்கும் நம்ம ஜனவரி மாசத்து ரூமுக்கும் சம்பந்தமே இல்ல. நான் முதல் தடவை செஞ்சப்ப எல்லாம் அளந்து போட்டு ஜாடியை அடுப்படி அலமாரில வச்சுட்டேன், மூணு நாள் ஆச்சு ஒரு மாத்தமும் இல்ல, என்சைம் கெட்டுப்போனதுன்னு நினைச்சு தூக்கி போட்டுட்டேன். என்சைம் நல்லாத்தான் இருந்துச்சு, குளிர்தான் காரணம். தோராயமா ஒரு கணக்கு வச்சுக்கோங்க, 10 டிகிரி குறைஞ்சா வேகம் பாதி ஆகும், 50 டிகிரில வேலை செய்யறது 20 டிகிரில எட்டுல ஒரு பங்கு வேகம்தான், 10 டிகிரி ஆயிட்டா பதினாறுல ஒரு பங்கு. ஒரு நாள் வேலைக்கு ரெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள பாக்டீரியா வந்து இருக்குற சர்க்கரையை தின்னுட்டு புளிக்க வச்சிடும்.

என்சைம்னா ஒண்ணு இல்ல, மூணு

செல்லுலோஸை வெட்டுற என்சைமுக்கு பேரு செல்லுலேஸ், பாட்டில்ல அப்படி ஒரே பேரா எழுதியிருந்தாலும் உள்ள ஒரு கூட்டமே இருக்கும். பழைய உல்லன் ஸ்வெட்டரை பிரிச்சு நூல் எடுக்குறத நம்ம ஊர்ல எல்லாரும் பாத்திருப்போம், அதை நினைச்சுக்கோங்க. எண்டோகுளுக்கனேஸ் நடுவுல அங்கங்க கத்தரி வைக்கும், அப்பதான் நுனி கிடைக்கும். அந்த நுனியை புடிச்சு எக்ஸோகுளுக்கனேஸ் இழுத்துக்கிட்டே போகும், ரெண்டு ரெண்டு குளுக்கோஸா உதிர்க்கும், அந்த ஜோடிக்கு பேரு செல்லோபயோஸ். கடைசியா பீட்டா குளுக்கோசிடேஸ் அந்த ஜோடியை பிரிச்சு தனித்தனி குளுக்கோஸ் ஆக்கும். மூணாவது ஆள் கம்மியா இருந்தா செல்லோபயோஸ் தேங்கிடும், தேங்கின செல்லோபயோஸ் ரெண்டாவது ஆளோட வேலையை முடக்கிடும், மொத்த கடையும் நின்னு போகும்.

இந்த என்சைமை உலகம் கண்டுபிடிச்ச கதை நம்ம மழைக்காலத்துக்கு ரொம்ப பக்கத்துல இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் தீவுகள்ல இருந்த அமெரிக்க ராணுவத்தோட காட்டன் கூடாரமும் துணியும் இத்துப்போய்க்கிட்டே இருந்துச்சு. சாலமன் தீவுல இருந்து எடுத்த ஒரு பூஞ்சைதான் பருத்தியை, அதாவது செல்லுலோஸை, தின்னுதுன்னு ஆராய்ச்சில தெரிஞ்சுது, எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் ரெண்டு பேரும் அதுல வருஷக்கணக்கா உழைச்சாங்க. ரீஸ் பேராலதான் 1977ல அதுக்கு ட்ரைக்கோடெர்மா ரீசின்னு பேர் வச்சாங்க. ஜூலைல பீரோவைத் திறந்தா துணில பூஞ்சணம் புடிச்சிருக்குமே, அதே மாதிரி ஒரு பூஞ்சணத்தைத்தான் இன்னைக்கு தொழிற்சாலைல வளர்த்து செல்லுலேஸ் எடுக்குறாங்க. இந்த பூஞ்சைக்கு ஒரு குறை, அந்த மூணாவது என்சைமை கம்மியாத்தான் சுரக்கும், அதனால ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்ங்கற இன்னொரு பூஞ்சையோட பீட்டா குளுக்கோசிடேஸை கலந்து விக்கிறது உண்டு. வாங்கும்போது அது கலந்திருக்கான்னு கேளுங்க.

எங்க வாங்கறது? லேப் கெமிக்கல் விக்கிற கடைல ஆர்டர் குடுத்தா வரும், கொஞ்சம் விலை. திருப்பூர்ல பனியன் துணிக்கு பயோ வாஷ் பண்ற என்சைம்னு விக்கிறாங்களே, அதுவும் செல்லுலேஸ்தான், துணி மேல நீட்டிக்கிட்டு இருக்குற நுண் நாரை தின்னு வழவழப்பாக்குறது இதோட வேலை. அதுல ஆசிட் வகை, நியூட்ரல் வகைன்னு ரெண்டு இருக்கு, ஆசிட் வகையா கேட்டு வாங்குங்க. ஆனா துணிக்கு விக்கிறதுல முதல் ஆள் அதிகமாவும் மூணாவது ஆள் கம்மியாவும் இருக்கலாம், குளுக்கோஸ் கம்மியா வந்தா அதுதான் காரணம்னு புரிஞ்சுக்கணும். இன்னொரு விஷயம் அழுத்தி சொல்றேன், உரக்கடைல ட்ரைக்கோடெர்மா விரிடின்னு வெள்ளைப் பொடி குடுப்பாங்க, வேரழுகலுக்கு மண்ணுல போடுறது, நம்ம விவசாயிங்க எல்லாருக்கும் தெரியும். அது என்சைம் இல்ல, டால்க் பொடில கலந்த உயிருள்ள வித்து. அதை ஜாடில போட்டா பூஞ்சை வளர்ந்து வர்ற குளுக்கோஸை அதுவே தின்னுடும்.

பொடி என்சைமை கையாளும்போது மாஸ்க் போடுங்க, பறக்க விடாதீங்க. இது புரதம், மூச்சுல போனா அலர்ஜி, ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும், அப்படி ஒருதடவை உடம்பு அதுக்கு பழகிட்டா திரும்பத் திரும்ப வரும். முடிஞ்சா திரவமா வாங்கிடுங்க.

எந்தக் கழிவு நல்லது, எது வேண்டாம்

கேரட், முட்டைக்கோஸ் வெளி இலை, பீட்ரூட் தழை, காலிஃபிளவர் தண்டு, பட்டாணி தோல் இதெல்லாம் அருமை. இதுலெல்லாம் மரத்துல இருக்குற மாதிரி லிக்னின், அதாவது நாரை கெட்டியாக்குற சாமான், அதிகம் கிடையாது, அதனால கடுமையான ஆசிட் கீசிட் எதுவும் தேவைப்படாது, குக்கரே போதும். முட்டைக்கோஸ் வெளி இலைல மருந்து அடிச்சது தங்கியிருக்கும், நல்லா கழுவிட்டுத்தான் தொடணும்.

உருளைக்கிழங்கு தோல் வேண்டாம். குளுக்கோஸ் வரும், நல்லாவே வரும், ஆனா அது ஸ்டார்ச்ல இருந்து வந்ததா செல்லுலோஸ்ல இருந்து வந்ததான்னு உங்களால சொல்ல முடியாது, ஏன்னா விக்கிற என்சைம் கலவைல ஸ்டார்ச்சை வெட்டுற அமைலேஸும் கொஞ்சம் இருக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கழிவா இருந்தாலும் ஒரு சொட்டு அயோடின் விட்டு பாருங்க, நீலக்கறுப்பு ஆச்சுன்னா ஸ்டார்ச் இருக்குன்னு அர்த்தம். சாதம், சப்பாத்தி, குழம்பு எண்ணெய் கலந்த வீட்டுக் குப்பையும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

டீத்தூள் சக்கை. இது எல்லாரும் கேக்குற கேள்வி, நீலகிரில டீக்கு பஞ்சமா, ஒவ்வொரு டீக்கடைலயும் பக்கெட் பக்கெட்டா சக்கை இருக்கே, அதுல பண்ணலாமேன்னு. நானும் ஆசையா பண்ணிப் பாத்தேன், ரொம்ப ஏமாத்தம். டீல இருக்குற துவர்ப்பு, அதாவது டானின், புரதத்தை புடிச்சு கெட்டியாக்குற சாமான், தோல் பதனிடறதுக்கே அந்த குணத்தைத்தான் பயன்படுத்துறாங்க. என்சைமும் புரதம்தானே, சக்கைல ஒட்டிக்கிட்டு செயலிழந்திடும். அது மேல லிக்னின் வேற. டீச்சக்கை உரத்துக்கு போகட்டும்.

ஏற்கனவே இருக்குற சர்க்கரையை வெளியேத்துறது

நிறைய பேர் சறுக்குறது இந்த எடத்துலதான். கேரட் சும்மா கடிச்சாலே இனிக்குது, அதுல நூத்துக்கு நாலஞ்சு பங்கு சர்க்கரை ஏற்கனவே இருக்கு. கேரட்டை அரைச்சு என்சைம் போட்டு டெஸ்ட் பண்ணா செங்கல் கலர் வரும், ஆஹா வந்துடுச்சுன்னு தோணும், என்சைம் போடாமலே டெஸ்ட் பண்ணியிருந்தாலும் அதே கலர்தான் வந்திருக்கும். நார்ல இருந்து வந்த குளுக்கோஸை மட்டும் பாக்கணும்னா முதல்ல இந்த சர்க்கரையை கழுவித் தள்ளணும்.

ஒன்றரை கிலோ கழிவை மண்ணு போக கழுவி, சின்னதா நறுக்கி, மிக்ஸில தண்ணி விட்டு நல்லா நைசா அரைங்க. நைசா அரைச்ச அளவுக்கு என்சைம் புடிக்க எடம் கிடைக்கும். மூணு லிட்டர் தண்ணில பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, வேட்டித் துணில வடிகட்டி நல்லா பிழியுங்க. திரும்ப புதுத் தண்ணி, திரும்ப கொதி, திரும்ப பிழி. மூணு தடவை. மூணாவது தடவை பிழிஞ்ச தண்ணில பெனடிக்ட் டெஸ்ட், அதாவது சர்க்கரை இருந்தா நீலக் கரைசல் கலர் மாறுற டெஸ்ட், பண்ணா நீலமாவே நிக்கணும். பச்சை காட்டினா இன்னொரு தடவை. வடிச்ச தண்ணியை வீணாக்காதீங்க, ஆறினதும் மாட்டுத் தண்ணில ஊத்தலாம், குடிக்கும்.

பிழிஞ்ச சக்கையை காய வைக்காதீங்க. காய வச்சா பொடி பண்ணி ஸ்டோர் பண்ணலாமேன்னு தோணும், ஆனா நார் ஒரு தடவை முழுசா காய்ஞ்சா அதுல இருக்குற நுண்துளையெல்லாம் சுருங்கி மூடிக்கும், மறுபடி ஊற வச்சாலும் பழையபடி திறக்காது, என்சைமுக்கு வழி குறைஞ்சிடும். ஈரமாவே வேலைக்கு எடுங்க. ஒரு 20 கிராம் மட்டும் தனியா எடுத்து அடுப்போரமா முழுசா காய வச்சு எடை போடுங்க, எடை குறையறது நிக்கிற வரைக்கும். 2 கிராம் வந்துச்சுன்னா உங்க சக்கைல பத்துல ஒரு பங்கு உலர் பொருள்னு தெரிஞ்சுக்கலாம். கணக்குக்கு இந்த நம்பர் அவசியம்.

குக்கர்

இனி இழையோட பிடியை தளர்த்தணும். லேபுல ஆட்டோகிளேவ்ல 121 டிகிரில வைப்பாங்க, சமவெளில வீட்டு குக்கரும் கிட்டத்தட்ட 120 டிகிரி வரும். இங்க வராது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கம்மி, தண்ணியே 92, 93 டிகிரில கொதிச்சிடும். குக்கர் வெயிட் வெளிக்காத்துக்கு மேல எவ்வளவு அழுத்தம்னுதான் பாக்கும், வெளிக்காத்தே கம்மியா இருந்தா உள்ள மொத்த அழுத்தமும் கம்மிதான், சுமார் 116 டிகிரிலயே விசில் வந்துடும். பருப்பு ஏன் நம்ம ஊர்ல வேக லேட் ஆகுதோ அதே காரணம். அதனால 30 நிமிஷம்னு போட்டிருந்தா நீங்க 45 நிமிஷம் வைங்க, முதல் விசிலுக்கு அப்புறம் அடுப்பை சிம்ல வச்சு. தண்ணி வத்தாம பாத்துக்கோங்க, சக்கை நேரா குக்கர்ல இல்லாம உள்ள ஒரு பாத்திரத்துல வச்சா அடிபிடிக்காது.

கேரட், முட்டைக்கோஸுக்கு வெறும் தண்ணி போதும். பட்டாணி தோல், காலிஃபிளவர் தண்டு மாதிரி நார் முரடா இருந்தா லிட்டருக்கு 10 கிராம் சலவை சோடா சேர்க்கலாம், ஆனா அலுமினிய குக்கர்ல சலவை சோடா போடவே கூடாது, அலுமினியத்தை அரிச்சிடும், சக்கையும் கறுத்துடும். எவர்சில்வர் குக்கர் மட்டும்தான். அப்புறம் சோடா போற வரைக்கும் நாலஞ்சு தடவை தண்ணில அலசணும்.

புளிப்பு சரி பண்றது

செல்லுலேஸுக்கு புடிச்ச பிஹெச், அதாவது புளிப்பு அளவு, 4.8ல இருந்து 5. வேலை நடக்க நடக்க பிஹெச் ஆடாம இருக்கணும், அதுக்கு பஃபர் வேணும். லேபுல சிட்ரேட் பஃபர், நம்ம வீட்டுல அதையே மளிகை சாமான்ல பண்ணிடலாம். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 10.5 கிராம் எடுத்து அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில கரைங்க. அதுல ஆப்ப சோடா 6 கிராம் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, ஒரேடியா போட்டா நுரை பொங்கி வெளிய வந்துடும். நுரை அடங்கினதும் லேசா சூடு பண்ணி கரைஞ்சிருக்குற காத்தை விரட்டிட்டு அப்புறம்தான் பிஹெச் பேப்பர் வைக்கணும், இல்லைன்னா புளிப்பு கூட காட்டும். 4.8 வரலைன்னா இன்னும் கால் கிராம், அரை கிராம் சோடா சேர்த்து கொண்டு வாங்க, பெரும்பாலும் 6.4 கிராம் பக்கத்துல சரியா நிக்கும்.

சக்கை 500 கிராம் எடுத்து, அதாவது உலர் எடைல 50 கிராம், இந்த அரை லிட்டர் பஃபரோட கலந்து திரும்ப ஒரு தடவை பிஹெச் பாருங்க. இட்லி மாவை விட கொஞ்சம் நீர்த்த பதத்துல இருக்கும். தண்ணி கம்மி பண்ணி கெட்டியா வச்சா குளுக்கோஸ் கெட்டியா கிடைக்குமேன்னு தோணும், ஆனா கலக்க முடியாது, என்சைம் பரவாது, வந்த குளுக்கோஸே சேர்ந்து என்சைமை மந்தமாக்கும். முதல் தடவைக்கு இந்த அளவே வைங்க.

ரெண்டு ஜாடி

கலவையை ரெண்டு கண்ணாடி ஜாடில சரிசமமா பிரிங்க, ஊறுகாய் ஜாடி மாதிரி வாய் அகலமா இருந்தா கிளற வசதி. ஜாடியும் கலவையும் கொதிதண்ணில அரை மணி நேரம் வச்சு எடுத்து 50 டிகிரிக்கு ஆற விடுங்க. சூடா இருக்கும்போது என்சைம் போட்டுடாதீங்க, 60க்கு மேல போனா அது வெந்த முட்டை மாதிரி ஆயிடும், திரும்ப வராது.

முதல் ஜாடிக்கு அரை கிராம் என்சைம் பொடியை கொஞ்சம் வெதுவெதுப்பான பஃபர்ல கரைச்சு ஊத்துங்க. ரெண்டாவது ஜாடிக்கும் அதே அரை கிராம், ஆனா கரைச்சு 15 நிமிஷம் கொதிக்க வச்சு செயலிழக்க வச்சது. சும்மா என்சைம் போடாத ஜாடி வச்சா போதாதான்னு கேக்கலாம், போதாது, ஏன்னா விக்கிற என்சைம் பொடில எடை ஏத்த டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி சர்க்கரை கலந்திருக்கலாம், அந்த சர்க்கரையையும் நீங்க நார்ல இருந்து வந்ததா எண்ணிடுவீங்க. கொதிக்க வச்ச என்சைம்ல அந்த கலப்பு சர்க்கரை அப்படியே இருக்கும், வெட்டுற சக்தி மட்டும் போயிருக்கும். அந்த ஜாடில வர்ற அளவை கழிச்சிட்டா மிச்சம் நிஜமான வருமானம். எவ்வளவு அவசரமா இருந்தாலும் இந்த ரெண்டாவது ஜாடியை விட்டுடாதீங்க, இது இல்லாம சொல்ற எந்த நம்பரையும் நான் நம்ப மாட்டேன்.

என்சைம் அளவு பத்தி, லேபிள்ல யூனிட் போட்டிருப்பாங்க, பல கம்பெனி சிஎம்சி யூனிட்னு போடுவாங்க, அது அந்த கத்தரி வைக்கிற முதல் ஆளோட பலத்தை மட்டும் சொல்றது. மொத்த கூட்டத்தோட பலத்தை சொல்றது ஃபில்டர் பேப்பர் யூனிட், வாட்மன் நம்பர் 1 பேப்பர்ல 50 மில்லிகிராம் துண்டை வெட்டிப் போட்டு அளக்குறது, இந்த முறையை உலகம் முழுக்க ஒரே மாதிரி செய்யற விதமா 1987ல எழுதி வெளியிட்டது டெல்லி ஐஐடில இருந்த டி.கே. கோஷ். அந்த யூனிட் தெரிஞ்சா ஒரு கிராம் செல்லுலோஸுக்கு 15, 20 யூனிட் போடுங்க. தெரியலைன்னா உலர் எடைல நூத்துக்கு ரெண்டுன்னு ஆரம்பிச்சு அடுத்த தடவை இரட்டிப்பாக்கி பாருங்க.

கேரட்டுக்கு இன்னொண்ணு, அதுல பெக்டின் ஜாஸ்தி, செல்லுலோஸ் இழையெல்லாம் பெக்டின் கூழ்ல புதைஞ்சிருக்கும். ஜூஸ் தெளிய வைக்கிற பெக்டினேஸ் என்சைம் கிடைச்சா கால் கிராம் சேர்த்து போடுங்க, அதுக்கும் இதே புளிப்பு இதே சூடுதான், நல்லா வித்தியாசம் தெரியும். ரெண்டாவது ஜாடிக்கும் கொதிக்க வச்சு சேர்க்கணும், மறக்காதீங்க.

50 டிகிரியை புடிச்சு வைக்கிறது

நம்ம ஊருக்கு உயிர்நாடி இதுதான். மார்க்கெட்ல மீன் வர்ற தெர்மாகோல் பெட்டி ஒண்ணு வாங்கி நல்லா கழுவி காய வைங்க. உள்ள ஒரு 60 வாட் பழைய குண்டு பல்பு, எல்இடி வேண்டாம் அது சூடு தராது. பல்பு தெர்மாகோல்ல படாம ஒரு தகர டப்பாக்குள்ள வைங்க, இல்லைன்னா உருகி தீப்பிடிக்கிற ஆபத்து இருக்கு. கோழிமுட்டை பொரிக்கிற இன்குபேட்டருக்கு விக்கிற தெர்மோஸ்டாட்டை பல்போட சேர்த்து, அதோட சென்சார் கம்பியை தண்ணி நிரப்பின மூணாவது ஜாடிக்குள்ள விடுங்க. காத்துல தொங்க விட்டா காத்து 50 ஆனதும் பல்பு அணைஞ்சிடும், ஜாடி உள்ள 40லயே நிக்கும். வயரிங் தெரியாதவங்க எலக்ட்ரீஷியனை வச்சு பண்ணுங்க, ஈரமும் கரண்டும் பக்கத்துல இருக்குற வேலை இது. முதல் சில மணி நேரம் கூடவே இருந்து பாருங்க, அப்புறம்தான் நம்பி விடணும்.

ரைஸ் குக்கர் வார்ம்ல வைக்கலாமான்னா அது 60, 70னு போயிடும், என்சைம் செத்துடும். மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் நாள் கணக்கா போற நம்ம ஊருக்கு மாத்து வழியும் சொல்றேன். பெரிய வாய் தெர்மோ ஃப்ளாஸ்க்ல 53 டிகிரில ஊத்தி மூடி, கம்பளில சுத்தி வச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் வெந்நி பாத்திரத்துல வச்சு சூடேத்துங்க. தூக்கம் கெடும், ஆனா வரும்.

சூடு வேகத்துக்கு மட்டும் இல்ல, காவலுக்கும்தான். 30, 40 டிகிரிலதான் தயிர் பாக்டீரியா மாதிரி ஆளுங்க கொண்டாட்டமா வளரும். 50ல ரொம்ப பேர் அடங்கிடுவாங்க. ஜாடியைத் திறந்தா வேக வச்ச காய் வாசம்தான் வரணும். புளிச்ச வாசமோ சாராய வாசமோ வந்தா சர்க்கரையை வேற யாரோ சாப்பிட்டாச்சு, அதை உரக்குழிக்கு அனுப்பிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கொதிதண்ணில போட்டெடுத்த கரண்டியால கிளறி விடுங்க, ராத்திரி விட்டாலும் பரவால்ல. ஆறு மணி நேரத்துலயே கலவை கூழ்ல இருந்து தண்ணியா இளகறது கண்ணுக்கு தெரியும், எனக்கு இந்த கட்டம்தான் ரொம்ப புடிக்கும். முதல்ல வேகமா போகும், அப்புறம் மெதுவாகும். 48 மணி நேரம் வைங்க.

அளக்குறது

என்சைம் போட்ட உடனே, 2, 6, 24, 48 மணி நேரத்துல ரெண்டு ஜாடில இருந்தும் 5 மி.லி எடுத்து கொதிதண்ணில பத்து நிமிஷம் வச்சு என்சைமை நிறுத்துங்க. காபி ஃபில்டர் பேப்பர்ல வடிகட்டி லேபிள் ஒட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க.

பெனடிக்ட் டெஸ்ட் பிள்ளைங்களுக்கு காட்ட நல்லா இருக்கும், 5 மி.லி பெனடிக்ட் கரைசல், எட்டு சொட்டு சாம்பிள், கொதிதண்ணில அஞ்சு நிமிஷம், நீலம் பச்சை மஞ்சள் ஆரஞ்சு செங்கல்னு ஏறும். ஆனா அது குளுக்கோஸை மட்டும் காட்டாது, செல்லோபயோஸும் பெக்டின் உடைஞ்சு வர்ற ஆசிடும்கூட கலரை மாத்தும். காலேஜ்ல பண்ற டிஎன்எஸ் டெஸ்டும், அதாவது 540 நானோமீட்டர்ல பாக்குறது, இதே மாதிரிதான், எல்லா ரெட்யூசிங் சர்க்கரையையும் சேர்த்து சொல்லும். தோட்டத்துல இனிப்பு அளவு பாக்க வச்சிருக்குற பிரிக்ஸ் மீட்டர் இன்னும் மோசம், பஃபர் உப்பையும் சர்க்கரைன்னு காட்டும்.

குளுக்கோஸை மட்டும் பாக்கணும்னா சுகர் பேஷண்ட் வச்சிருக்குற குளுக்கோமீட்டர்தான் வீட்டு வழி. ஆனா அது ரத்தத்துக்காக செஞ்சது, நம்ம கரைசல்ல அது சொல்ற நம்பரை அப்படியே நம்பக்கூடாது. மெடிக்கல்ல கலப்பில்லாத குளுக்கோஸ் பவுடர் வாங்கி, பத்துக்கு ஒண்ணுன்னு நீர்த்த பஃபர்ல லிட்டருக்கு 1 கிராம், 2 கிராம், 4 கிராம்னு மூணு கரைசல் பண்ணுங்க, அது 100 மி.லிக்கு 100, 200, 400 மில்லிகிராம், மீட்டர் காட்டுறதும் இதே அளவுலதான். இதை முந்தின நாளே கரைச்சு வைக்கணும், ஏன்னா பவுடர்ல இருக்குறது பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம், பல ஸ்ட்ரிப்ல இருக்குற குளுக்கோஸ் ஆக்சிடேஸ்ங்கற என்சைம் பீட்டா வடிவத்தைத்தான் கண்டுக்கும், தண்ணில ரெண்டும் சமநிலைக்கு வர சில மணி நேரம் ஆகும், புதுசா கரைச்சு உடனே பாத்தா கம்மியா காட்டும். மூணுக்கும் மீட்டர் என்ன சொல்லுதுன்னு கிராஃப் போட்டு வச்சுக்கிட்டா உங்க சாம்பிள் நம்பரை அதுல வச்சு திருத்திக்கலாம். ரொம்ப மீட்டருக்கு 600தான் எல்லை, அதனால சாம்பிளை 1 மி.லிக்கு 9 மி.லி தண்ணி சேர்த்து பத்து மடங்கு நீர்த்து பாருங்க.

கணக்கு இப்படி. செல்லுலோஸ்ல ஒரு குளுக்கோஸ் அலகோட எடை 162, உடையும்போது ஒரு தண்ணி மூலக்கூறு சேர்ந்து 180 ஆகும், அதனால 1 கிராம் செல்லுலோஸ் முழுசா உடைஞ்சா 1.11 கிராம் குளுக்கோஸ். ஒரு ஜாடில 25 கிராம் உலர் சக்கை, அதுல கால்வாசி செல்லுலோஸ்னு வச்சுப்போம், 6.25 கிராம். முழுசா வந்தா 6.9 கிராம். நூத்துக்கு 70 பங்கு உடைஞ்சா 4.9 கிராம், அரை லிட்டர்ல அது 100 மி.லிக்கு 970 மில்லிகிராம் பக்கம், பத்து மடங்கு நீர்த்த சாம்பிள்ல மீட்டர் 97 பக்கம் காட்டணும். ரெண்டாவது ஜாடி 12 காட்டினா உங்களோட நிஜ நம்பர் 85. பெனடிக்ட்ல நல்ல கலர், மீட்டர்ல கம்மின்னா செல்லோபயோஸ் தேங்கியிருக்கு, பீட்டா குளுக்கோசிடேஸ் சேர்க்கணும். ரெண்டுலயும் கம்மின்னா முதல்ல சூட்டைத்தான் சந்தேகப்படுங்க, அப்புறம் பிஹெச், என்சைமை கடைசியா.

வந்ததை வச்சு என்ன பண்றது

குடிக்காதீங்க, பிள்ளைங்களுக்கும் குடுக்காதீங்க. துணி என்சைம் சாப்பிட தகுதியான பொருள் இல்ல, வெளி இலைல மருந்து மிச்சம் இருக்கலாம். ஸ்கூல் பிள்ளைங்களுக்கு காட்ட நான் பண்றது, ரெண்டு ஜாடி தண்ணியையும் வடிகட்டி, ஒருதரம் கொதிக்க வச்சு, 35 டிகிரிக்கு ஆறினதும் ஒவ்வொண்ணுலயும் பேக்கரி ஈஸ்ட் ஒரு ஸ்பூன் போட்டு பாட்டில் வாய்ல பலூன் மாட்டுறது. நம்ம மாவட்டத்துல சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடை, அதனால கண்ணாடி சோடா பாட்டில்தான். என்சைம் வேலை செஞ்ச பாட்டில் பலூன் எழுந்து நிக்கும், மத்தது தொங்கிக்கிட்டே இருக்கும், ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்ல. ஈஸ்ட் அதுல சாராயத்தையும் உண்டாக்கும், அதை வடிச்சு எடுக்குறது சட்டப்படி குத்தம், பலூன் பாத்ததும் கீழ ஊத்திடுங்க.

மீந்த சக்கையை கொஞ்சம் சுண்ணாம்பு தூவி புளிப்பை அடக்கிட்டு உரக்குழில போட்டு மண் மூடிடுங்க. திறந்தபடி போட்டா அந்த இனிப்பு வாசத்துக்கு காட்டெருமையும் கரடியும் வீட்டு வாசலுக்கே வரும், எங்க தெருவுல ஒருதடவை வந்துச்சு, அதுக்கப்புறம் நாங்க மூடாம போடறதே இல்ல. ஜாடியை வெந்நில கழுவி கவுத்து வைங்க, அடுத்து பட்டாணி சீசன் வரும்போது தோலை சலவை சோடால வேக வச்சு இதே ரெண்டு ஜாடி முறைல பண்ணப் போறேன், அதுல நார் இன்னும் முரடு, அதனால 72 மணி நேரம் வச்சு பாக்கலாம்னு இருக்கேன்.